பத்தாவது மெட்டு

ஜூலை 8, திங்கள்

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கடைசிவரை என் மனைவி தங்கபுஷ்பத்தைப் பார்த்தே பேசினாள். சதை எடுத்துச் சோதித்ததில் இவள் தொண்டையில் இருப்பது புற்றுதான் என்று வந்துவிட்டதாம்.

"சின்னதாத்தான் இருக்கும்மா. இப்பவே கதிர்வீச்சு, அதான் கரண்ட், வச்சா குரல் தப்பிச்சிரும். ஏழு வாரம் தினமும் வரணும். தள்ளிப்போட்டீங்கன்னா குரல்வளையையே எடுக்கணும். அப்புறம் பேச்சு கிடையாது."

"கரண்டு வைக்கையில பாடலாமா?" என்று இவள் கேட்டாள்.

"பேசுறதையே கொறைக்கணும். முடிஞ்சபிறகு மெல்ல வரும். ஆனா முன்ன மாதிரியே இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அதை நான் குறித்துக்கொண்டேன். சத்தியம் பண்ண மாட்டாளாம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. முருகன்குறிச்சி தாண்டும்வரை தங்கபுஷ்பம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எழுதி வச்சிருக்கியள்லா, பத்துப் பாட்டு. அதத் தாங்க. மெட்டு தாரேன். பதிலுக்கு நம்ம பியூலாட்ட நான் பேசணும். குரல் இருக்கையிலயே பேசணும்."

"மெட்டு நீ தரல. நான் தாரத நீ திருப்பித் தார" என்றேன்.

"சரி, திருப்பித் தாரேன்."

"பாக்கலாம்" என்றேன். சத்தியம் பண்ணாமல் இருப்பதில் நானும் டாக்டரம்மாவுக்குக் குறைந்தவன் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இதை ஒருநாள் யாராவது அச்சில் போடுவார்கள். அவர்களுக்காகச் சில விவரங்கள்.

நான் ஏசுவடியான். மில் குடோனில் எடை போட்டவன். குருவும் கிடையாது, சங்கீதப் பள்ளியும் கிடையாது. பழைய ஆர்மோனியம் ஒன்றை வாங்கி நானே தட்டிப் பழகினேன். நான்கு கேசட் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத் வரை என் பாட்டு ஒலிக்காத நற்செய்திக் கன்வென்ஷன் பந்தல் கிடையாது. பாட்டு, மெட்டு, குரல் மூன்றும் ஒரே ஆள்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மாலை ஜெபம் முடிந்ததும் வரிகளைச் சொல்லி, ராகத்தை இழுத்துக் காட்டுவேன். தங்கபுஷ்பம் கேட்டுக்கொள்வாள். மறுநாள் காலை அடுப்படியில் நின்று அதைத் திருப்பிப் பாடுவாள். நான் ஆர்மோனியத்தில் பிடித்துக்கொள்வேன். ஒரு தடவை கேட்டதை அவள் மறந்ததே இல்லை. கர்த்தர் எனக்குக் கொடுத்த டேப் ரிக்கார்டர். நிஜ டேப் ரிக்கார்டரை நான் கிட்டே விடுவதில்லை. மெட்டு முற்றும் முன்னால் எந்திரத்தில் ஏற்றினால் திருட்டுப் போகும். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது. திருப்பிப் பாடும்போது சில இடங்களை அவள் வளைத்துவிடுவாள். பெண் குரலின் வாகு அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் கன்வென்ஷன் மேடையில் என் மகள் பியூலா மைக்கைப் பிடித்தாள். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பாட்டுக்கெல்லாம் மெட்டு போட்டது எங்க அம்மா" என்று சொன்னாள். அவ்வளவு ஜனத்தின் முன்னால் பொய். அந்த வாரமே வீட்டை விட்டு அனுப்பினேன். அவள் அதே மேடையில் ஏறி மன்னிப்புக் கேட்கும்வரை புதிய பாட்டு வெளியிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். என் சபதத்துக்கு மரியாதை கொடுத்துத் தங்கபுஷ்பமும் அன்றிலிருந்து திருப்பிப் பாடுவதை நிறுத்தினாள். நடுவில் இரண்டொரு தடவை வரி சொல்லிப் பார்த்தேன். காதில் விழாதது போல அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சபதத்தை நானே தளர்த்துகிறேன். ஜனங்கள் காத்திருக்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

கரண்ட் வைப்பதைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சின்னதாகத்தான் இருக்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னாள். இவளிடம் சொன்னபோது, "மொதல்ல கரண்டு வச்சிட்டு அப்புறம் பாடுதேனே" என்றாள்.

"அப்புறம் குரல் எப்படி இருக்குமோ? அந்தப் பொண்ணுதான் சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாளே."

மீன் கழுவப் போனாள். சாளை. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

முதல் பாட்டு வந்துவிட்டது. "காலி வாளி நான், கயிறு நீர் அல்லவோ." ஆல்பத்துக்கும் அதுதான் பெயர்.

நான் நேற்று கொடுத்தது துள்ளலான நடை. காலையில் அவள் மெதுவாகத் திருப்பினாள். "அல்லவோ" என்ற இடத்தில் கீழே இறங்கி, அங்கேயே நின்று, பிறகு ஏறினாள். நான் மனதில் வைத்திருந்ததும் அதுதான். வாயில் சரியாக வரவில்லை.

ஜூலை 20, சனி

எட்வின் வந்தான். ஐகிரவுண்ட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நான் பாடிப் பதிவதும் அங்கேதான். வாத்தியங்கள் சேர்ப்பது அவன் பொறுப்பு. என் வீட்டுச் சட்டப்படி செல்போனை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

தங்கபுஷ்பம் பாடப் பாடக் கீபோர்டில் பிடித்தான். பாதியில் கையை எடுத்துவிட்டான்.

"ஆன்ட்டி, இந்த எறக்கத்த எங்கருந்து புடிச்சீங்க? உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது."

"என்கிட்டருந்து" என்றேன்.

"இல்ல அங்கிள், ஆன்ட்டி பாடுனாங்களேன்னு கேட்டேன்."

"டேப் ரிக்கார்டர் பாடினா டேப் ரிக்கார்டரையா பாராட்டுவ?"

இவள் சிரித்தாள். "அந்தப் பெட்டிக்கும் அப்பப்ப எண்ணெ போடணும் தம்பி. இங்க துருப்பிடிச்சிக் கெடக்கு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவனும் சிரித்தான். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மூன்றாவது முடிந்தது. குரல் கம்முகிறது. சித்தரத்தையும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஏன் வரவில்லை என்று. பேஷண்ட் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். பேஷண்ட் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 14, சனி

ஐந்து முடிந்தது. நேற்று கோயிலில் அசன விருந்து. பந்தியில் பக்கத்தில் இருந்த ஒருத்தி, "ஒங்க மகள ஒருநாளும் காணலியே, பாட்டி ஆயிட்டியளா இல்லியா?" என்று இவளைக் கேட்டிருக்கிறாள். இவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டு, "ரெண்டு பேரப்பிள்ளைய. மூத்தது நல்லாப் பாடுமாம்" என்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு சபை அம்மாள் போன வருஷம் சொன்னாளாம். பியூலா அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த அம்மாள் பியூலாவின் போன் நம்பரையும் சொல்லியிருக்கிறாள்.

"எங்க எழுதி வச்சிருக்க?"

"எழுதல. பாடி வச்சிருக்கேன்" என்றாள். நம்பருக்கு ஒரு மெட்டு கட்டி, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தான் முனகுகிறாளாம். இவ்வளவு நாளும் அது ஏதோ பழைய ஞானப்பாட்டு என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 5, சனி

ஏழு. சோறு இறங்கவில்லை என்கிறாள், கஞ்சிதான். எட்வின் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. குரல் இல்லாவிட்டாலும் சுருதி ஒரு மயிரிழை விலகவில்லை. பயிற்சி அப்படி. என் பயிற்சி.

அக்டோபர் 11, வெள்ளி

துணி துவைக்கும் கல்லில் ரத்தத் துப்பல். தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

மூச்சு இழுத்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஜூலைல வந்திருந்தா நான் உங்க குரல காப்பாத்தியிருப்பேம்மா. இப்ப உயிரத்தான் காப்பாத்த முடியும்." பிறகு என்னைப் பார்த்தாள். "இத்தன நாள் என்ன சார் பண்ணுனீங்க?"

"ஆல்பம்" என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். உடனே வந்து சேரச் சொன்னாள். பாக்கி வேலை இருக்கிறது என்று வாதாடி, டிசம்பர் நான்காம் தேதி ஆபரேஷன் என்று வாங்கினேன். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ள முடியாது, நடுவில் மூச்சு முட்டினால் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள்.

வெளியே வந்ததும் இவள் என் சட்டையைப் பிடித்தாள். காற்று மாதிரி ஒரு குரல். "இப்பமாவது பேசட்டா பியூலாட்ட?"

"பத்து முடியட்டும். அப்படித்தானே பேச்சு?"

நவம்பர் 2, சனி

ஒன்பது முடிந்தது. அட்டை அச்சாகி வந்துவிட்டது. என் படம் நன்றாக விழுந்திருக்கிறது. பின்பக்கம் பத்துப் பாட்டின் பெயரும் வரிசையாக. கீழே: பாட்டு, மெட்டு, குரல் ஏசுவடியான். எட்வின் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி பேர நன்றின்னாவது போடலாமே அங்கிள்."

"போட்டிருக்கேன் பாரு. 'குடும்பத்தாருக்கு நன்றி.'"

நவம்பர் 9, சனி

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

நான் பின்னால் குளித்துக்கொண்டிருந்தேன். எட்வின் உள்ளே கீபோர்டைக் கட்டிக்கொண்டிருந்தான். துண்டோடு வந்தால் வாசலில் இவள். ஸ்டூலில் இருந்த அவன் செல்போன் இவள் காதில். மணி போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டே போவதற்குள் எடுத்துவிட்டார்கள். "ஹலோ, யாரு?" என்று கேட்டது. பத்தொன்பது வருஷம் கழித்தும் அதே அதிகாரக் குரல். இவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரச் சிரமப்பட்டாள். வருவதற்குள் நான் போனை வாங்கி அணைத்துவிட்டேன். திரையில் இருந்த நம்பரையும் குறித்துக்கொண்டேன்.

எட்வின் ஓடி வந்தான். "அங்கிள், என்ன அங்கிள் இது, பெத்த பிள்ளட்ட…"

"நீ குடுத்தியா?"

"நான்தான் பூட்டு போடாம வச்சிருந்தேன். என்ன தப்பு?"

"அந்த நம்பர் திருப்பிக் கூப்பிட்டா நீ எடுக்கக் கூடாது. எடுத்தேன்னு தெரிஞ்சா இந்த ஆல்பம் வேற ஸ்டுடியோவுக்குப் போவும்."

அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டான்.

இவள் அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பத்தாவது பாட்டின் வரிகளைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

காலையில் அடுப்படியில் சத்தம் இல்லை. போய் நின்றேன்.

"எங்க, பாடு."

"ஒம்பது குடுத்தாச்சி. பத்தாவது இங்க இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "பியூலா பேசட்டும். மறுநிமிசம் தாரேன்."

"பாட்டு மொதல்ல."

"பேச்சு மொதல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பியூலாவின் ரத்தம் பின்னோக்கி ஏறிவிட்டது போலிருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

கியாஸ் சிலிண்டர் வந்தது. இவள் குளியலறையில் முனகுவது கேட்டது. பத்தாவதுதான். என் வரிகள் எனக்குத் தெரியாதா? கதவருகே நின்றேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: இதுவரை வந்த எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது. பல்லவி முடியாமலே சரணத்துக்குள் நழுவுகிறது. அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. மறந்திருந்தது என்று சொல்ல வந்தேன்.

ஓடி வந்து ஆர்மோனியத்தைத் திறந்தேன். திறப்பதற்குள் போய்விட்டது. கடைசிச் சுரம் மட்டும் காதில் இருந்தது. அதற்கு முன்னால் இருந்தது எதுவும் இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவள் பேசாமல் இருப்பது தொண்டைக்கு நல்லது.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. எட்வின் போட்ட விரிப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் வெளியே வராந்தாவில் நிற்கிறான்.

மதியம் டாக்டரம்மா வந்து, யார் யாரிடம் பேச வேண்டுமோ இன்றைக்கே பேசிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் இறங்கி வந்தேன். யாரும் என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லக் கூடாது. என் போனில் பியூலாவின் நம்பரை எடுத்து, திரையை இவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"பாடு. பாடி முடிச்ச ஒடன பச்சைய அமுக்குதேன்."

நம்பரைப் பார்த்தாள். உதடு அசைந்தது, அந்த நம்பரின் மெட்டுதான். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"அமுக்க மாட்டிய. எனக்குத் தெரியாதா ஒங்கள?"

"பாடிப் பாரேன்."

"ஒம்பது தடவ பாடிப் பாத்தாச்சி."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனைப் பிடித்த கை வலிக்கும்வரை நின்றேன். அவ்வளவு பிடிவாதம். ஒரு தாய்க்கு மகளைவிட ஒரு மெட்டு பெரிதாகப் போய்விட்டது.

டிசம்பர் 4, புதன்

காலையில் பச்சை உடுப்பு போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவுவரை கூடப் போனேன். தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள் நர்ஸ். நான் குனிந்தேன்.

"அந்த மெட்டு?"

நன்றாகத்தான் கேட்டது. அவள் என்னிடம் சொன்ன கடைசிச் சொல்.

"மறந்துபோச்சி."

அவள் எதையும் மறந்ததில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

எட்வின் வார்த்தை தவறிவிட்டான். பியூலா வந்து நிற்கிறாள். தலை நரைத்திருக்கிறது. கண்ணாடி வழியே தாயைப் பார்த்தாள்: மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. வராந்தாவில் என்னிடம் வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அம்மாதான் அன்னைக்கி கூப்பிட்டாளா? நவம்பர்ல?"

"எனக்குத் தெரியாது."

"எத்தன தடவ திருப்பி அடிச்சேன், யாரும் எடுக்கல."  புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போறதுக்கு முன்னால அம்மா என்ன சொன்னா? எனக்குன்னு ஏதாவது சொன்னாளா?"

"ஒன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். கடைசிச் சொல்லில் அவள் பெயர் இல்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பியூலாவும் கூடவே வந்திருக்கிறாள். அவளை நான் உள்ளே விடவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறாள். தாய் அதில் எழுதுகிறாள், மகள் வாசிக்கிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். நான் அறைக்குள் போனால் கையால் துடைத்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. அட்டையில் பத்து, உள்ளே ஒன்பது. பியூலா கடைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன்.

"மெட்ட எழுதிக் குடு" என்று சிலேட்டை நீட்டினேன்.

"எழுதத் தெரியாதே" என்று எழுதினாள். கீழே, "மாஸ்டர் சோல்ஃபா சொல்லித் தர வந்தாரு. நீங்க வேண்டாம்னுட்டிய."

வாஸ்தவம்தான். பாடகர் குழு மாஸ்டர் ஒரு காலத்தில் வந்து, சுரம் எழுதும் அந்த முறையை இவளுக்குச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டார். வீட்டில் ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும் என்று அனுப்பினேன். அந்த ஒரு ஆளும் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து கட்டிலில் வைத்தேன். அதை அவள் தொட நான் விட்டதே கிடையாது. இன்று விட்டேன். "கட்டைய அமுக்கிக் காட்டு. நான் பெல்லோஸ் போடுதேன்." துருத்தியை நானே அசைத்தேன், அவளுக்குக் கூலி ஆள் மாதிரி.

ஒரு விரலை நீட்டினாள். ஒரு கட்டையை அமுக்கினாள். காத்திருந்தேன். விரலை எடுக்கவில்லை. அடுத்த கட்டைக்கும் போகவில்லை. ஒரே சுரம். என் கை ஓய்ந்து காற்று தீர்ந்து சத்தம் செத்துப்போகும்வரை அதையே அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

கீத ஆராதனையில் "காலி வாளி நான்" வெளியாயிற்று. பத்தொன்பது வருஷம் கழித்து ஏசுவடியான் திரும்பி வந்திருக்கிறார் என்று சபைப் போதகர் ஐயர் சொன்னபோது கோயில் முழுவதும் எழுந்து நின்றது. "அல்லவோ" என்று இறங்குகிற இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சால்வை போட்டார்கள். வெளியே வந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள், அட்டையில் பத்து இருக்கிறதே, பத்தாவது எங்கே?

"அது தனியா வருது. புத்தாண்டு ஆராதனையில நானே பாடுதேன்" என்றேன்.

என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வரவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

வரவில்லை. மெட்டு.

டிசம்பர் 28, சனி

காலையிலிருந்து ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடவும் எழவில்லை. வரிகள் இருக்கின்றன. வாய் திறந்தால் ஒன்பதில் ஏதாவது ஒன்று வருகிறது, இல்லையென்றால் அந்தக் காலத்து ஞானப்பாட்டு வருகிறது. எட்வினுக்குப் போன் செய்து நீயே ஏதாவது போட்டுக் கொடு என்றேன். "டேப் ரிக்கார்டர் ரிப்பேர் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தெனாவெட்டு.

மறுபடி தொடங்கினேன். சத்தமாகவே பாடினேன். இந்த வீட்டில் பாட உரிமை உள்ள தொண்டை இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாவது அடியில் தடம் தவறி எங்கோ போய் முட்டி நின்றேன்.

அடுத்த அறையில் பியூலா, "அம்மா, போதும்மா, மூச்சு வாங்கும்" என்றாள். எட்டிப் பார்த்தேன். தங்கபுஷ்பம் கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, கழுத்து ஓட்டையில் காற்று மட்டும் புஸ்ஸென்று போய்வருகிறது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பாடுங்க, பாடுங்க என்று கையை ஆட்டினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சத்தமே இல்லாத சிரிப்பு. இங்கே வரைக்கும் கேட்கிறது.